வளையின் இரண்டாவது வாய்

எங்கள் ஓடையில் புழு பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கண்டல் சேற்றில் வாழும் அந்தப் புழுவின் வளைக்கு இரண்டு வாய்கள் உண்டு. ஒன்றின் வழியே அது கடல்நீரை உள்ளே இழுக்கும், மற்றதன் வழியே வெளியே தள்ளும். நடுவே, முழங்கை ஆழத்தில் வளைந்து போகும் குழாயில், சுண்டுவிரல் பருமனும் ஒரு கை நீளமுமாகப் படுத்திருக்கும். ஒரு வாயில் மண்வெட்டி விழுந்த அதிர்வு தெரிந்ததும் மற்ற வாய்க்குப் பாயும். ஆகவே ஒருத்தி தோண்டும்போது இன்னொருத்தி அடுத்த வாயின்மேல் குதிகாலை அழுத்தி நிற்க வேண்டும். குதிகால் ஒரு நொடி எழும்பினாலும் தோண்டியவள் கையில் வெறும் சேறுதான் மிஞ்சும்.

மேஜுமாவுக்காகப் பதினாறு வருடம் அப்படி நின்றவள் கிபிபி.

மேஜுமாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. குள்ளம், அகன்ற தோள்கள். எதையும் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் தாங்கள் கேட்க வந்ததை மாற்றிக் கேட்பார்கள். அவள் சேற்றில் இறங்கியது கணவனுக்காக. சலிமு தூண்டில்காரன். அவனுக்கு இரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் புழுவைப் பழகினாள். ஒரு வருடம் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அவன் பெம்பா தீவுக்கு மீன் பிடிக்கப் போனான். அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஏழு மாதம் கழித்துச் செய்தி வந்தது. அதன் பிறகு மேஜுமா இரையை விற்க ஆரம்பித்தாள். ஹோட்டல் படகுகளில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு உயிருள்ள புழு தேவைப்பட்டது.

சலிமுவைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால் அவள் சொல்வது ஒன்றே. "என்ன செய்றது? பெம்பா பக்கத்து வாயில குதிகால் வைக்க எனக்கு ஆள் இல்லாம போச்சு."

கிபிபி அதைக் கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். தோழியை அவள் ஷோகா என்றுதான் கூப்பிடுவாள். "நான் அப்பவே வந்திருந்தா அந்த ஆளைப் பிடிச்சு வாளியில போட்டிருப்பேனே ஷோகா!"

"ஐயோ வேண்டாம்டி. மத்த புழுவையெல்லாம் கடிச்சு வச்சிருப்பான்."

புழுக்கள் வாளிக்குள் ஒன்றையொன்று கடிக்கும். அவற்றுக்குக் கறுப்பாக, வளைந்த நகம்போல் தாடைகள் இருக்கின்றன. ஒன்று அறுந்து செத்தால் அதன் இரத்தத்தில் மற்றவையும் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஈரக் கண்டல் இலையில் தனித்தனியாகச் சுருட்டி அடுக்குவார்கள். வெயில் படும்போது அவற்றின் தோலில் நீலமும் பச்சையும் ஓடும். பக்கவாட்டில் செந்நூல் முடிச்சுகளைப்போல் மூச்சு வாங்கும் செவுள்பூக்கள். கிபிபி ஒவ்வொரு புழுவுக்கும் ஊரில் உள்ள யாராவது ஒருவருடைய பெயரை வைத்துத்தான் இலையில் சுருட்டுவாள். "இந்தா, சேர்மன் கந்தானி. எவ்வளவு தூரம் இழுத்தாலும் முடியவே மாட்டேங்குது, அவரு பேச்சு மாதிரி." மேஜுமா சிரிக்காமல் தோண்டுவாள். ஆனால் அவள் தோள் குலுங்கும்.

குழியை மூடுவதில்தான் மேஜுமா மற்றவர்களிடமிருந்து வேறுபட்டாள். எல்லோரும் தோண்டிய மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், அல்லது காலால் தள்ளிவிடுவார்கள். சேற்றில் மேலே சாம்பல் நிறத்தில் நான்கு விரல் கனத்துக்கு ஒரு படை இருக்கும். அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கறுப்பு மேலே வந்துவிட்டால் அந்த இடத்தில் பல மாதம் எதுவும் குடியேறாது. மேஜுமா மேல்படையை முதலில் பாளமாக வெட்டிப் பக்கத்தில் வைப்பாள். வேலை முடிந்ததும் கறுப்பைக் கறுப்பாக உள்ளே போட்டு, பாளத்தை மேலே வைத்து, உள்ளங்கையால் தட்டி, கடைசியில் ஒரு கண்டல் குச்சியைச் செருகி எடுத்துத் தண்ணீர் இறங்க ஒரு துளை விடுவாள். அவளைப் பார்த்து அப்படி மூடக் கற்றுக்கொண்டவள் கிபிபி மட்டுந்தான். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கடற்கரைக் குழுவினர் ஓடையையே புழுக்காரிகளுக்கு மூடிவிடலாம் என்று பேசினார்கள். திறந்து கிடந்த குழிகளால் கண்டல் கன்றுகள் சாய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் மேஜுமா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து அதற்கு முன் யாரும் எழுந்ததில்லை.

"முழுசா மூடாதீங்க. புழு பை வைக்கிற சமயத்துல தாய்ச்சேத்தை மட்டும் மூடுங்க. அங்க ஒரு கம்புல என் துணியைக் கட்டுறேன். அது நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தோண்ட மாட்டாங்க. தோண்டினா என்னைக் கேளுங்க. ஒரு குழி விழுந்தாலும் அப்புறம் ஓடைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

தாய்ச்சேறு என்பது ஓடையின் உட்கோடியில், பட்டுப்போன ஒரு பெரிய கண்டலைச் சுற்றியுள்ள மெத்தென்ற சேற்றுப்பரப்பு. பெருமழைக் காலத்தில் அமாவாசை கழிந்த மூன்றாம் நான்காம் நாள், அங்கே வளை வாய்களில் கண்ணாடிபோல் சின்னப் பைகள் முளைக்கும். புழு தன் முட்டைகளைப் பசைக்குள் வைத்து, ஒரு இழையால் வளையோடு கட்டிவிடுகிறது. ஓதம் ஏறும்போது பைகள் நிமிர்ந்து மிதக்கும், வற்றினால் யாரோ துப்பிவிட்டுப் போனதுபோல் சேற்றில் படிந்துவிடும். பை தெரிந்த அன்று மேஜுமா இடுப்பில் சுற்றும் தன் பழைய சிவப்பு லெஸோத் துணியின் கிழிசலை ஒரு கம்பில் கட்டி நடுவாள். அடுத்த அமாவாசைவரை அது நிற்கும். முதல் வருடமே வெளிச்சேற்றில் புழு பெருத்தது. வேறு ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்துக் கேட்டுப்போக வந்தார்கள். அவளுக்குக் கணவன் பெயரோ குழந்தையோ இல்லை. "துணிக்காரி மேஜுமா" என்ற பெயர் இருந்தது.

நான் மொம்பாசாவில் கடலியல் படித்துவிட்டுத் திரும்பி வந்தது அப்போதுதான். எங்கள் வீட்டில் எனக்கு முன் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் புழு வளைகளை எண்ணும் வேலை கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று கடற்கரைக் குழுவும் என்னைச் செயலாளராக்கியது. கயிற்றால் சதுரம் கட்டி, உள்ளே உள்ள வாய்களை எண்ணி, இரண்டால் வகுப்பேன்.

"ஏன் வகுக்கிறே?" என்று கேட்டாள் மேஜுமா.

"ஒரு புழுவுக்கு ரெண்டு வாய்தானேக்கா."

"சிலது மூணு வைக்கும். கிளை விடும். வயசான புழு."

அவள் குனிந்து ஒரு வாயின்மேல் உள்ளங்கையால் தண்ணீரை மெல்லத் தள்ளினாள். சற்றுத் தள்ளி ஒன்றில் அல்ல, இரண்டில் தண்ணீர் துளும்பியது. மூன்று வாரக் கணக்கு வீணாயிற்று. கிபிபி என்னைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"அல்லாவே! டிகிரி சேத்துல விழுந்துடுச்சு. எடுத்துக் கழுவி மாட்டு, மிஷி!"

பைகளில் சிலவற்றை நான் வீட்டுக்கு எடுத்துவந்து போத்தல்களில் கடல்நீரில் வைத்து நாள் எண்ணினேன். முதல் இரண்டு நாள் முட்டைகள் வெறும் புள்ளிகள். நான்காம் நாள் அவை சுழன்றன. ஆறாம் நாள் பசை தளர்ந்து, நூல் முனைபோன்ற குஞ்சுகள் ஊர்ந்து வெளியேறின. ஏழாம் நாள் பை வெறும் தோல். ஆறு நாள் என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்தக் கோடு எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

துணி எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று மேஜுமாவை ஒருமுறை கேட்டேன். "பை வாடினப்புறம் இன்னொரு அமாவாசை வரணும்" என்றாள். குறிப்பேட்டில் "வழக்கம், காரணம் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டேன். யாருக்குத் தெரியவில்லை என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாதம் ஒருநாள் கிபிபியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். அவள் என் போத்தல்களைப் பற்றிக் கேட்டாள். யாராவது கேட்டால் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை.

"ஆறே நாள்தான்க்கா. அப்புறம் எல்லாம் வெளியே போயிடும். பை வெறும் பை."

"அப்போ ஷோகா எதுக்கு முப்பது நாள் துணியைக் கட்டி வைக்கிறா?"

"அது அவங்க வழக்கம்."

கிபிபி "ம்ம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் நடையைப் பார்த்து, வாத்துகூட இதைவிட நேராக நடக்கும் என்றாள்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை, நானும் மேஜுமாவும் தாய்ச்சேற்றுக்குப் போனோம். துணி நின்றது. பைகள் எல்லாம் வாடிப்போயிருந்தன. பட்ட மரத்துக்கு அப்பால் அவள் நின்றுவிட்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. அவள் விரல் நீட்டிய பிறகுதான் தெரிந்தது. சாம்பல் சேற்றில், பாய் அளவுக்கு, சுற்றிலும் மெல்லிய விளிம்புக்கோடு. இன்னொன்று. இன்னும் ஒன்பது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குச்சித் துளை.

மேஜுமா மண்டியிட்டு ஒரு பாளத்தின் ஓரத்தை விரலால் தூக்கினாள். கீழே கறுப்பு, கறுப்பாகவே இருந்தது.

"நல்லா மூடியிருக்கு" என்றாள்.

நெடுநேரம் எழவில்லை. திருட வந்தவர் யாராயிருந்தாலும் வாரிப்போட்டுவிட்டு ஓடியிருப்பார். இவ்வளவு ஒழுங்காக மூடத் தெரிந்த கைகள் ஊரில் நான்கே. அவற்றில் இரண்டு என் முன்னால் சேற்றில் ஊன்றியிருந்தன.

"யாருக்கும் தெரியாதுக்கா" என்றேன். "இன்னும் ரெண்டு ஓதம் ஏறினா கோடு அழிஞ்சுடும்."

அவள் என் முகத்தை முழுதாகப் பார்த்தாள். "எனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு நேராகக் கடற்கரைக் குழுவின் சேர்மன் வீட்டுக்குப் போய், தாய்ச்சேற்றில் பதினொரு குழி விழுந்திருக்கிறது என்று தானே சொன்னாள்.

அன்று சாயங்காலம் கிபிபி எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். லிகோனியில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை புது மருதாணி, கறுப்பும் சிவப்புமாகக் கொடி. எனக்கு இலையில் ஹல்வா கொண்டுவந்திருந்தாள். போத்தல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்த்துட்டீங்களா?"

நான் போத்தல்களைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன்.

"ஒரு ஆளு வந்தான் மிஷி. ஹோட்டல்ல மீன் பிடிக்கிற போட்டியாம். நீளமான புழுவா வேணும்னான். வெளிச்சேத்துல அந்த நீளம் எங்க இருக்கு? கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? புதன்கிழமை காலையில தண்ணி நல்லா வத்தியிருந்துச்சு. பத்து மணி வண்டிக்கு முன்னாடி முடிச்சுட்டேன்."

"தனியாவா? அடுத்த வாய்க்கு?"

"அந்த ஆளையே குதிகால் வைக்கச் சொன்னேன். பூட்ஸோட நின்னான், கழுதை." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "பை காலியான இடத்துலதான் தோண்டினேன். ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து. நீதானே சொன்னே, வெறும் பைன்னு?"

"நான் தோண்டச் சொன்னேனா?"

"தோண்டினா தப்பில்லேன்னுதானே அர்த்தம்? படிச்ச புள்ள சொன்னா நாங்க நம்புவோம்ல?" குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குக் கூட்டத்துல நீ பேசாம இரு. நீ சொன்னதை நானும் சொல்ல மாட்டேன். உன் வேலைக்கும் நல்லது."

அவள் போன பிறகு ஹல்வாவைத் தின்றேன். தின்றேன் என்பதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் தின்றேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் படகுக் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் கவிழ்த்த தோணிகளின்மேல், பெண்கள் பாயில். நான் சேர்மன் பக்கத்தில் பதிவேட்டோடு. சேர்மன் கந்தானி வழக்கம்போல் ஓடையின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். நண்டு பிடிக்கிற ஜும்பே குறுக்கே விழுந்தார்.

"சேர்மன், நானும் போய்ப் பார்த்தேன். அது மூடின விதத்தைப் பாருங்க. சலவை மடிச்சு வச்ச மாதிரி. ஊர்ல இப்படி மூடுறது ரெண்டே பேரு. ஒண்ணு மேஜுமா, இல்ல கிபிபி. இதுக்கு எதுக்கு நாம மத்தியானச் சோத்தை விட்டுட்டு உக்காரணும்?"

எல்லோரும் கிபிபியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நான் புதன்கிழமை விடிஞ்சதும் முதல் வண்டியிலேயே லிகோனி போயிட்டேன். மருதாணி வச்ச கையோட எவளாவது சேத்துல இறங்குவாளா? நீங்களே சொல்லுங்க."

பெண்கள் பக்கத்தில் தலைகள் அசைந்தன. அந்த மருதாணி புதன்கிழமை மாலை வைத்தது என்று எனக்குத் தெரியும். பத்து மணி வண்டி என்று அவளே சொன்னது என் காதில் இருந்தது.

மேஜுமா கிபிபியின் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தை. அவசரமில்லாமல், முழுதாக. கிபிபி பாயின் ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு மேஜுமா என் பக்கம் திரும்பினாள். அவள் எதற்காக என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். புரிந்துதான் இருந்தது. முந்தின நாள் காலையில் குழியின் முன் மண்டியிட்டபோதே அவளுக்குக் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. பதினாறு வருடம் குதிகால் வைத்து நின்றவள் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். அவள் பேசாவிட்டால், குழிகளைக் கூடவே நின்று பார்த்த நானாவது பேசுவேனா என்று பார்த்தாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"மேஜுமா, என்ன சொல்றே?" என்றார் சேர்மன்.

"என்ன சொல்லணும்? துணி என்னோடது. வாக்கும் என்னோடது. குழி விழுந்தா என்னைக் கேளுங்கன்னு சொன்னேன். கேட்டுட்டீங்க."

"அப்போ நீதானா?"

"வேற யார் பேரும் என் வாயில வராது."

ஒருவர் உச்சுக்கொட்டினார். பாயில் யாரோ, "பெரிய நியாயக்காரி" என்றார்கள். சேர்மன் தாடியைத் தடவினார். மேஜுமா இனி ஓடைக்குள் தோண்டக் கூடாது, வெளியே மணல்திட்டில் தோண்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. துணியை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. புழுவைப் பற்றித் தெரிந்தவர் யார்? குழியை ஒழுங்காக மூடத் தெரிந்தவர் யார்? கிபிபியின் பெயரை ஜும்பேதான் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கிபிபியும் மறுக்கவில்லை. மேஜுமா மடியிலிருந்து சிவப்புத் துணியின் மிச்சத்தை எடுத்து, நான்காக மடித்து, பாயின்மேல் வைத்தாள். மருதாணிக் கை அதை எடுத்துக்கொண்டது.

"எழுதும்மா" என்றார் சேர்மன். எழுதினேன்.

ஒரு வாரம் ஓடைப்பக்கம் போகவில்லை. பிறகு ஒரு காலை, கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கப் போனேன். பையிலிருந்து வெளியேறிய குஞ்சுகள் எங்கே போகின்றன? என் போத்தலில் சேறு இல்லை, தண்ணீர் மட்டுந்தான். அவை அடியில் கிடந்து செத்துப்போயின. நான் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டேன். தாய்ச்சேற்றில் வாடிய பை ஒன்றின் கீழிருந்து மேல்படைச் சேற்றை ஒரு கை அள்ளி, கொசுவலைத் துணியில் போட்டு ஓடை நீரில் அலசினேன். வலையில் மிஞ்சியது சருகு, சிப்பித்தூள், அவற்றினூடே நெளிகிற செந்நூல்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் புள்ளியாகத் தாடை முளைத்திருந்தது. ஒரு கை சேற்றில் இருபத்தேழு. நான்கு விரல் கனத்துக்குள்தான் அவை தங்கள் முதல் வளையைத் தோண்டிக்கொண்டிருந்தன. ஒரு மாதம் ஆனால்தான் கீழே இறங்கும்போலிருக்கிறது.

மூடிய குழிகளுக்கு வந்தேன். கோடுகள் அழிந்திருந்தன, குச்சித் துளைகள் இன்னும் தெரிந்தன. பாளம் வெட்டிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த நேரத்தில் வெயில் காய்ந்திருக்க வேண்டும், பூட்ஸும் மிதித்திருக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காகத் திரும்ப வைத்தும் பதினொன்றில் ஒன்பது பாளங்களின் சேற்றில் வலையில் எதுவுமே மிஞ்சவில்லை. மற்ற இரண்டில் சேர்த்து ஐந்து.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். கிபிபி என்னிடம் சொன்னதைச் சொன்னேன். நான் அவளிடம் சொன்னதையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை வாங்கி, விரலை வைத்துப் படித்தார்.

"'மேஜுமா தாய்ச்சேற்றில் தோண்டியதை ஒப்புக்கொண்டார்.' இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"அவ ஒத்துக்கிட்டதாலதானே எழுதினே?"

"அவங்க தோண்டினேன்னு சொல்லல. பொறுப்பு என்னோடதுன்னுதான் சொன்னாங்க."

"அப்போ ஏன் இப்படி எழுதினே?"

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், படிக்கிற யாரும் பிறகு தோண்டியது யார் என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி எழாமல் இருக்க என் பேனா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. ஒரு வாயை மூடினால் அடுத்த வாய். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

"எல்லாரும் கைநாட்டு வச்சாச்சு" என்றார் சேர்மன். "இப்போ நீ வந்து மாத்தணும்னா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேற ஒண்ணை மாத்தணும்பான். அடுத்த கூட்டத்துல பார்ப்போம். கிழங்கு சாப்பிடுறியா?"

மணல்திட்டு ஓடைக்கு வெளியே, அலை முறிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே வேறு புழு. அது மணலைத் தின்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்பக்கமாக மேலே தள்ளும். பிழிந்த இடியாப்பம்போல் மணற்சுருள் ஒரு வாயில், சின்னப் பள்ளம் மறுவாயில். கொழுத்த புழுதான், ஆனால் தோல் மெல்லியது. பாதி வழியில் அறுந்துவிடும். ஹோட்டல் படகுகள் அதைக் குறைவாகத்தான் வாங்கும்.

மேஜுமா தனியாக இருந்தாள். சுருளுக்கு ஒரு பக்கம் அவள், பள்ளத்தின்மேல் ஒரு பெரிய பவளக்கல். கல்லை வைப்பாள், எதிர்ப்பக்கம் போவாள், தோண்டுவாள், திரும்பி வந்து கல்லைப் புரட்டி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுபோவாள். வாளியில் எட்டோ ஒன்பதோ இருந்தன. பாதி அறுந்தவை. குழியை மட்டும் அதே ஒழுங்கோடு மூடிக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹல்வாவைக்கூட. அவள் தோண்டுவதை நிறுத்தவில்லை.

"குஞ்சு மேல்சேத்துலயே இருக்குக்கா. ஒரு கையில இருபத்தேழு. அதனாலதான் நீங்க ஒரு மாசம்..."

"நான் எண்ணினதில்ல" என்றாள். "ஆரம்பத்துல ஒரு தடவை பை வாடினதும் தோண்டினேன். அடுத்த வருஷம் அங்க ஒண்ணும் வரல. ஒரு மாசம் விட்டுப் பார்த்தேன், வந்துச்சு. அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டது என்ன? எத்தனை நாள் துணி நிக்கும்னு கேட்டே. சொன்னேன்."

கல்லைப் புரட்ட அவள் குனிந்தாள். நான் பிடிக்கப் போனேன். கையால் விலக்கினாள்.

"சேர்மன்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்வேன்."

"சொல்லு. சொல்ல வேண்டியதுதான்." நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "கிபிபி நேத்து வந்தா. அழுதா. துணியை எங்க நடணும்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எங்க நடணும்னு சொன்னேன். புழு என்ன பாவம் பண்ணுச்சு?"

அலை சற்று நெருங்கியிருந்தது. இன்னும் மூன்று நான்கு வளைகளுக்கு நேரம் இருக்கும். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நான் குதிகால் வைக்கிறேன்க்கா. கல்லைத் தூக்கிட்டுத் தூக்கிட்டு எத்தனை தடவை நடப்பீங்க?"

மேஜுமா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"கல்லே இருக்கட்டும்" என்றாள். "அது கொஞ்சம் கனம், அவ்வளவுதான்."

அடுத்த சுருளைத் தேடிக் குனிந்தபடி நகர்ந்தாள். நான் பின்னாலேயே ஓரடி எடுத்து வைத்தேன்.

"அங்க கால் வைக்காதே."

கீழே பார்த்தேன். என் பாதத்துக்கு முன்னால் ஈரமணலில் கடுகு அளவுக்குச் சுருள்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு பள்ளம். ஒரு காலைத் தூக்கியபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மேஜுமா அதற்குள் கல்லை எடுத்துக்கொண்டு, குஞ்சுகளைச் சுற்றி, தண்ணீர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.